ரூட்டரை அணைக்கும் முன் விளக்கைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. கம்ப்யூட்டர், சிசிடிவி, பிரிண்டர் எல்லாம் பார்ப்பேன். ஆனால் வாசலில் வந்து நிற்பவர்கள் அதிகம் சொல்வது, "நெட்டு வுட்டு வுட்டு வருதுண்ணே" என்பதைத்தான். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப் போவுது" என்பார்கள். சிக்கலே அங்கேதான். அணைத்துப் போட்டால் நெட் வரலாம், ஆனால் எங்கே அறுந்தது என்ற தடயம் போய்விடும். சாதாரண ரூட்டர்கள் நடந்ததைக் குறித்து வைப்பது பெரும்பாலும் கரண்ட் இருக்கும்வரை நிற்கும் நினைவகத்தில்தான்.

அதனால் அடுத்த முறை நெட் போனதும் சுவிட்ச் பக்கம் கை போவதற்குள் போனை எடுத்து, ரூட்டர் பாக்ஸின் விளக்குகளை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நன்றாக ஓடும்போது எடுத்த போட்டோ ஒன்றும் கையில் இருக்கட்டும். ஃபைபர் வீடுகளில் பார்க்க வேண்டியவை பவர், பான், எல்ஓஎஸ், இன்டர்நெட் ஆகிய நான்கு. எல்ஓஎஸ் என்பது ‘தெருவிலிருந்து வெளிச்சம் வரவில்லை’ என்று கத்தும் விளக்கு; எல்லாம் சரியாக இருந்தால் அது எரியவே கூடாது. பான் என்பது கம்பெனியோடு இணைப்பு கிடைத்துவிட்டதைச் சொல்லும் விளக்கு; அது பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், பாக்ஸ் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே விடவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குக் கம்பெனி நிறமும் பெயரும் கொஞ்சம் மாறும். நல்ல நேரத்துப் போட்டோ அதற்காகத்தான்.

இன்னொன்று, இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வைஃபையில் இருக்கும்போதே பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில மாடலில் 192.168.0.1. பாக்ஸுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில், பாக்ஸ் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, இன்டர்நெட் இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று இரண்டு கணக்கு கிடைக்கும். பாக்ஸ் 12 நாளாக ஓடுகிறது, இணைப்புக்கு மட்டும் 4 நிமிடம்தான் வயது என்றால் கோளாறு லைனில். பாக்ஸுக்கே 4 நிமிடம்தான் வயது என்றால் அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது. கரண்டையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். இரண்டும் 12 நாள் காட்டியும் போனில் நெட் இல்லையா? வைஃபை பக்கம் வாருங்கள். இந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமல் புது ரூட்டருக்குக் காசைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பின்னால் ஊசி நுழையும் துளைக்குள் இருக்கும் ரீசெட்டை மட்டும் குத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை. கம்பெனிக்காரர் போட்டு வைத்த யூசர் நேம், லைன் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் விட்டு விட்டு வந்த நெட்டும் வராது.

எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது

வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. இரண்டாவது மாடி. "இன்னா தம்பி, டெய்லி சாய்ங்காலம் ஆறு மணியானா நெட்டு பூடுது, காலைல தானா வருது. வேணும்னே கட் பண்றானுங்கோ" என்றார் அந்த வீட்டு ஆயா. பேரன் பல முறை புகார் சொல்லியிருக்கிறான். ஆள் வருவதோ பகலில். வந்தால் நெட் ஜம்மென்று ஓடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் ஒரு நாள் ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. ஆறு அடிக்கக் கொஞ்சம் முன்னால் ஆயா எழுந்து, "கொசு வந்துடும்" என்று பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பாக்ஸில் எல்ஓஎஸ் சிவப்பாகச் சிமிட்டியது. கதவைத் திறக்கச் சொன்னேன். சிவப்பு அணைந்தது, கொஞ்ச நேரத்தில் பான் பச்சையாக நின்றது. திரும்பச் சாத்தினால் மறுபடி சிவப்பு. கதவின் கீல் பக்கம், நிலைக்கும் பலகைக்கும் நடுவில் வெள்ளை ஒயர் ஒன்று நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. கொசு வரும் நேரத்துக்கும் நெட் போகும் நேரத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. உள்ளே ஓடுவது வெளிச்சம். இறுக்கமாக வளைத்தால் அந்த வளைவிலேயே வெளிச்சம் கசிந்துவிடும். சாதாரண இழையை ஒரு சாத்துக்குடியைச் சுற்றும் வளைவைவிட இறுக்கமாக வளைக்கக் கூடாது. வளைவைத் தாங்கும் ரகங்கள் இப்போது வருகின்றன. ஆனால் உங்கள் வீட்டில் எந்த ரகம் இழுத்திருக்கிறார்கள் என்று ஒயரைப் பார்த்தால் தெரியாது. மிச்ச ஒயரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் முறுக்கி, கேபிள் டை போட்டு நறுக்கென்று இழுத்துக் கட்டியிருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி விடுங்கள். டையைத்தான்.

எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதையும் அதே ஸ்டேட்டஸ் பக்கம் சொல்லும். ஆப்டிகல் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்ற இடத்தில் மைனஸில் ஒரு எண் இருக்கும். மைனஸ் 8-இலிருந்து மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்சத்தின் வலுவை அளக்கும் அலகு) வரை பாக்ஸ் வேலை செய்யும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். ஒயரில் காக்கா உட்கார்ந்தாலும் அறுந்து அறுந்து வரும். எண் 3 குறைந்தால், அதாவது 3 டிபி இழந்தால், வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. வாரத்துக்கு ஒரு முறை இந்த எண்ணைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். போன மாதம் மைனஸ் 19, இப்போது மைனஸ் 25 என்று ஆளிடம் காட்டினால் அவர் "பாக்ஸ் போயிருக்கும் சார்" என்று தப்பிக்க முடியாது.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். நம் பக்கம் ஒயர்கள் மாடிக்கு மாடி தாவி, கரண்ட் கம்பத்தில் சுற்றி, வேப்ப மரத்தில் இளைப்பாறித்தான் வருகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருக்களில் கன்டெய்னர் லாரி வழி மாறி உள்ளே நுழைந்தால் தாழ்ந்த ஒயரெல்லாம் அதன் தலையோடு போகும். மாஞ்சாவுக்குத் தடை இருந்தும் காற்றாடி நூல் ஒயரில் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கிறோம். சிக்கியதைப் பையன்கள் வெடுக்கென்று இழுத்தால் அறுவது நூல் மட்டும் இல்லை. அணிலும் எலியும் கடித்தது தனி. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க லைன்மேன் ஒரு சிவப்பு லேசர் பேனாவை ஒரு முனையில் சொருகுவார். உடைந்த இடத்தில் ஒயரின் தோல் வழியாகச் சிவப்பு கசிந்து தெரியும். மாலையில் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அறுந்த இடத்தை மெஷினில் உருக்கி ஒட்டினால் இழப்பு 0.1 டிபிகூட இருக்காது. கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் கூடுதலாகத் தின்னும், வெயிலில் நாளாக ஆகத் தளரும். வழியில் மூன்று, நான்கு ஜாயிண்ட் போட்ட லைன் என்றால் ஒயரையே புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள்.

பாக்ஸில் சொருகும் முனையைக் கழற்றினால் நுனியில் விரல் வைக்காதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும் வெளிச்சத்தை மறைக்க. பச்சை முனைக்குப் பச்சைதான். நீலத்தோடு சேர்த்தால் நுழையும், ஆனால் நுனியின் சாய்வு வேறு என்பதால் வெளிச்சம் வீணாகும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் அலை, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று ஆகிவிடாது.

எல்ஓஎஸ் இல்லை, பான் மட்டும் சிமிட்டுகிறது

வெளிச்சம் வருகிறது, பேச்சுவார்த்தை நடக்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து எட்டு, பதினாறு வீடுகளுக்குப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பாக்ஸும் தன் முறை வரும்போது மட்டும் வெளிச்சம் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு, பொதுக்குழாயில் குடம் வைப்பது மாதிரி. ஒரு வீட்டுப் பாக்ஸ் பழுதாகி வரிசையை மதிக்காமல் விடாமல் அனுப்ப ஆரம்பித்தால் அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் அத்தனை பேருக்கும் நெட் வந்து வந்து போகும். உங்கள் பாக்ஸை ஐந்து முறை மாற்றினாலும் தீராது. நான்கு வீட்டில் ஒரே நேரத்தில் போகிறது என்று சொல்லுங்கள்; அங்கிருந்து ஒவ்வொரு பாக்ஸாகக் கழற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை.

பான் பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு அல்லது இல்லை

ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டிலேயே நடந்தது. அது இல்லையென்றால் பிபிபிஓஇ (பாக்ஸ் கம்பெனிக்குள் லாகின் செய்யும் முறை) யூசர் நேம், பாஸ்வேர்டில் கோளாறு, அல்லது பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் மூடாமல் தொங்குகிறது. பாக்ஸை அணைத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு போடுங்கள். அணைத்துப் போடுவதை நான் சிபாரிசு செய்யும் இடம் இது. அதற்கும் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள்.

எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து எழுகிறது

பாக்ஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பத்தில் எட்டு முறை அடாப்டரைத்தான் பிடிப்பேன். அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்தில் 12 வி, 1 ஏ என்பது போல இருக்கும். பாக்ஸின் ஸ்டிக்கரிலும் அதே எண் இருக்க வேண்டும். வோல்டேஜ் அப்படியே பொருந்த வேண்டும்; ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. ஒரு வீட்டில் செட்டாப் பாக்ஸின் அரை ஆம்பியர் அடாப்டரை மாற்றிச் சொருகியிருந்தார்கள். பின் சரியாக நுழைந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் போன் பார்க்கும்வரை ஓடும், பிள்ளைகள் வந்து ஆளுக்கு ஒரு வீடியோ போட்டதும் படுத்துவிடும். மல்டிமீட்டர் வைத்தாலும் சும்மா இருக்கும்போது 12 காட்டும், ஏமாறாதீர்கள். சுமை ஏறும்போதுதான் அது சரியும். அதே அளவில் தெரிந்தவரிடம் ஒரு நல்ல அடாப்டர் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது மீட்டரைவிட நம்பகமானது.

ஃபிரிட்ஜும் ரூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் பிரித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் ரூட்டர் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் போட்டால் மாறும் நேரம் குறையும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது; ரூட்டருக்கு மட்டும் சில மணி நேரம் தாங்கும். வாங்கும்போது உங்கள் பாக்ஸின் ஆம்பியரைச் சொல்லிக் கேளுங்கள்.

சூடும் ஒரு காரணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில், செட்டாப் பாக்ஸ் மேல், அதற்கும் மேல் ஒரு துணி விரித்து வைத்தால் மே மாதம் அது என்ன செய்யும்? மதியம் மட்டும் போகிறது என்றால் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள்.

மழை பெய்தால் போகிறது

ஃபைபருக்கு மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. ஜாயிண்டில் தண்ணீர் புகுந்தால்தான். இது பெரும்பாலும் மாடியில் ஒரு பெட்டியில் நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் ஒயர் (செம்புக் கம்பி) இறக்கிய வீடுகளின் கதை. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் ஒரு வீட்டில் கழற்றிய முனையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், கடைக்கு வருபவர்களுக்குக் காட்ட. எட்டுப் பின்னில் நான்கு பொன் நிறமாகவே இருக்கும். மூன்றின் மேல் பச்சையாகப் பொரிந்த களிம்பு, பழைய செம்புக் குடத்தில் பிடிப்பது போல. ஒரு பின் பாதி அரித்துப் போய்விட்டது. கொக்கி உடைந்ததால் தளராமல் இருக்க யாரோ ஒரு தீக்குச்சியைச் செருகியிருக்கிறார்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் இப்படித்தான்.

வைத்தியம் எளிது. முனையோடு அரை அடி ஒயரை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) வேண்டும். சுரண்டித் துடைத்துத் திரும்பப் போட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடி கூப்பிடுவீர்கள். ஒயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் துளையைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வழியாது. ஜாயிண்டைப் பாலிதீன் பையால் சுற்றுவதை நிறுத்துங்கள். பை தண்ணீரைத் தடுப்பதைவிட உள்ளே பிடித்து வைப்பதுதான் அதிகம். 200 எம்பிபிஎஸ் பிளானில் எப்போது பார்த்தாலும் 95-ஐத் தாண்டவில்லை என்றால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்றாவது செத்திருக்கலாம். 100-க்கு நான்கு கம்பி போதும், அதற்கு மேல் எட்டும் வேண்டும்.

இடி இடித்தால் இந்த வகை லைனில் லேன் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது. செம்பு மின்னலின் வீச்சை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடும்.

நம் தெருவில் கரண்ட் இருக்கிறது, நெட் மட்டும் இல்லை

மேலே சொன்ன அதே மாடிப் பெட்டி. அதற்குக் கரண்ட் வேறு யார் வீட்டிலிருந்தோ போகும், அடுத்த தெருவாகக்கூட இருக்கலாம். மின்வாரியப் பராமரிப்பு நிறுத்தம் காலை 9 முதல் மதியம் 2 வரை என்று பேப்பரில் போடுகிறார்களே, அதில் உங்கள் தெரு பெயர் இல்லாமல் பக்கத்துத் தெரு பெயர் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பான் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் கரண்ட் அடிக்கடி போகும் பகுதிகளில் ஃபைபரை வீட்டுக்குள்ளேயே கொண்டு வரும் இணைப்புக்கு மாறுவது நல்லது என்பது என் கட்சி.

வைஃபை இருக்கிறது, ‘இன்டர்நெட் இல்லை’ என்கிறது

ஒரு போனில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒரே ஆண்ட்ராய்டு போனில் மட்டும் என்றால் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தைப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்கப் பையன் எதையோ போட்டு வைத்திருப்பான். அதை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள்.

எல்லாவற்றிலும் என்றால் கம்ப்யூட்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து முதலில் 192.168.1.1-க்குப் பிங் அடியுங்கள், ‘இருக்கிறாயா’ என்று கேட்பது அது. பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை சரி. அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. அதற்கும் பதில் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் பெயர் சொன்னால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்தான்: பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடம் தூங்குகிறது. ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று போடுங்கள்.

சில போனுக்கு வருகிறது, சில போனுக்கு இல்லை, யாருக்கு என்பதும் மாறுகிறது என்றால் வீட்டில் இரண்டாவது ரூட்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ரூட்டரை மாடி அறைக்குச் சிக்னலுக்காக மாட்டியிருப்பீர்கள். இரண்டும் முகவரி கொடுக்கப் போட்டி போடும். இரண்டாவதில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, ஒயரை அதன் லேன் ஓட்டையில் சொருகுங்கள். எல்லா லேன் விளக்கும் வெறி பிடித்த மாதிரி ஒன்றாகத் துடித்தால், ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே பாக்ஸில் சொருகியிருக்கும். வீட்டைச் சுத்தம் செய்த அன்று நடக்கும் விபத்து இது.

பின் அறையில் மட்டும், ராத்திரியில் மட்டும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே களைத்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அங்கே கூட்டம். பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் கத்துகின்றன, ராத்திரி எல்லோரும் வீட்டில். 2.4-இல் சேனலை 1, 6, 11-இல் ஏதாவது ஒன்றாக வையுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். இடையில் இருக்கும் 3, 4 எல்லாம் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் அங்கும் இங்கும் தாவும்போது நெட் அறுந்த மாதிரி தெரியும். ஒரு வாரம் பெயரைப் பிரித்து வைத்துப் பாருங்கள். ரூட்டரை ஸ்டீல் பீரோ மேல் வைத்திருந்தால் இந்தப் பத்தியில் மற்ற எதையும் செய்வதற்கு முன் அதை இறக்குங்கள்.

புகார் சொல்லும்போது

கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டு "நெட் வரல" என்று மட்டும் சொன்னால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். "எல்ஓஎஸ் அடிக்கடி சிவப்பாகிறது, நேற்று மைனஸ் 21, இன்று 27, கீழ் வீட்டிலும் போகிறது" என்று சொல்லிப் பாருங்கள், ஏணியோடு வருவார். கம்பெனியின் புகார் மையத்துக்கும் தனியாகச் சொல்லி டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அவர்கள் அதைத் தர வேண்டும். சரியாகாமலே புகாரை மூடிவிட்டால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வியாசர்பாடி ஆயா வீட்டுக்கு அதற்கப்புறம் ஆளே வரவில்லை. நிலைக்கு மேலே சுவரில் ஒரு துளை போட்டு, நானே ஒயரை அந்த வழியாக எடுத்து விட்டேன். நசுங்கிய இடம் இன்னும் 2 டிபி தின்கிறது, ஒயரை மாற்றத்தான் வேண்டும். கதவை மட்டும் இப்போது ஐந்தரைக்கே சாத்துகிறார்.